ஒரு சந்தி நோன்பில் மிஞ்சும் காசு எங்கே போகிறது? – தவக்காலக் கேள்வி பதில்

பனியன் கம்பெனியில ஓவர்லாக் தைக்கிறேனுங்க. ஒன்றரை ஷிப்ட்டுன்னா காலைல எட்டரைக்குப் போனா ராத்திரி எட்டரை ஆயிருது. போன தவக்காலத்துல ஞாயித்துக்கிழமைகூட விடாம, மத்தியானம் வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படாம ஒரு சந்தி இருந்தேன். ரெண்டாவது வாரமே தலை சுத்தி விட்டுட்டேன். இந்த வருசம் எப்படி இருக்கறது? – வாசகி, திருப்பூர்

தண்ணீர் குடிக்கக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தில் இல்லை, மருந்துக்கும் தடையில்லை. கட்டாய நோன்பு இரண்டே நாள்: தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன், இயேசு சிலுவையில் இறந்ததை நினைக்கும் பெரிய வெள்ளி. அதுவும் 18 வயது நிறைந்ததிலிருந்து 59 நிறையும் வரை. அன்று ஒருவேளை முழுச் சாப்பாடு. மற்ற இரண்டு வேளையையும் சேர்த்தாலும் அந்த அளவுக்கு வரக்கூடாது. காலையில் ஒரு டம்ளர் கம்மங்கூழ், மதியம் வயிறார அரிசிம்பருப்பு, ராத்திரி இரண்டு இட்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். இறைச்சி விலக்குவது 14 வயது நிறைந்த எல்லோருக்கும் பொது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிறவர்களும் சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களும் பட்டினி கிடக்க வேண்டாம்.

மற்ற நாட்களின் ஒரு சந்தி நீங்களாக விரும்பி ஏற்பது. திருநீற்றுப் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாளான பெரிய சனி வரை 46 நாள். ஆறு ஞாயிறும் உயிர்ப்பின் நாட்கள். அவற்றைக் கழித்தால்தான் 40. ஞாயிறும் விடாமல், தண்ணீரும் குடிக்காமல் இருந்ததில்தான் உங்கள் உடம்பு தளர்ந்தது.

உங்கள் கேள்வியில் வராத ஒன்று, மிச்சமான காசு. பசித்தோருக்கு உணவைப் பகிர்ந்து கொடுப்பதே தமக்கு உகந்த நோன்பு என்று ஆண்டவர் சொல்வதை எசாயா 58-இல் வாசிக்கலாம். பதினோரு மணி டீயோடு தின்னும் வடையை விட்டால் அந்தப் பணத்தை அதே நிமிடம் தனி டப்பாவில் போடுங்கள். பர்ஸிலேயே கிடந்தால் சாயங்காலம் மளிகைக்குப் போய்விடும். நோன்பு வெறும் சிக்கனமாகிவிடும். யாருக்குக் கொடுக்கப்போகிறோம் என்பதை முதல் வாரத்திலேயே தீர்மானித்துவிடுங்கள். பக்கத்து லைனில் சம்பளம் வராமல் தவிக்கும் ஒருவராக இருந்தால் இன்னும் நல்லது; அவர் முகம் தெரிந்திருந்தால் பசி எரிச்சலாக மாறாது.

தறிப்பட்டறை வேலை. பைபிளை 40 நாள்ல முழுசாப் படிச்சிரலாம்னு வருசாவருசம் தொடங்கறேன், லேவியராகமத்துல நின்னுருது. ராத்திரி எடுத்தாத் தூக்கந்தான் வருது. – வாசகர், சோமனூர்

ஞாயிறு நற்செய்தி ஒன்றை மட்டும் எடுத்து, ஆறு நாளும் அதையே படியுங்கள். தறியை ஓட்டுவதற்கு முன் 15 நிமிடம் போதும். காலையில் தூக்கம் குறுக்கே வராது. வாய்விட்டு இரண்டு முறை வாசித்து, மனதில் தைத்த ஒரு சொல்லில் நின்றுவிடுங்கள். பிறகு அதையே ஆண்டவரிடம் திருப்பிச் சொல்லுங்கள். கடைசி இரண்டு நிமிடம் பேச்சே வேண்டாம். விளக்கவுரை தேடிப் போனால் நேரம் அதிலேயே கரைந்துவிடும்.

தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிற்றுக்கு யோவான் 4-ஐ எடுக்கலாம், கிணற்றடியில் இயேசுவைச் சந்தித்த சமாரியப் பெண்ணின் கதை. திருமுழுக்குக்கு ஆயத்தமாகிறவர்களுக்காகத் தொன்றுதொட்டு வாசிக்கப்படும் பகுதி இது. உச்சிவெயிலில் தண்ணீருக்கு வந்தவள், இயேசுவோடு பேசி முடித்ததும் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குள் போகிறாள். லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துக் காத்து நின்ற நம் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள், குடத்தை விட்டுப் போவது எவ்வளவு பெரிய காரியமென்று. அந்த ஒரு குடத்தை வைத்தே ஒரு வாரம் தியானிக்கலாம்.

வெள்ளிக்கிழமை தவறாம கோயில்ல சிலுவைப் பாதை ஜெபத்துக்குப் போறேன். கிணத்துப் பங்குத் தகராறுல அண்ணங்கிட்டப் பேச்சுவார்த்தை இல்லீங்க. இது சரியா? – வாசகர், கோபி

காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு நல்லுறவு செய்துகொள் என்கிறார் இயேசு (மத்தேயு 5:23-24). சிலுவைப் பாதையை நிறுத்த வேண்டாம். ஆனால் குருத்து ஞாயிற்றுக்கு முன் அண்ணன் வீட்டுக்குப் போய் வாருங்கள். தனியாகப் போங்கள், பஞ்சாயத்துக்காரர் யாரும் கூட வேண்டாம். கிணற்றுப் பேச்சையும் தண்ணீர் முறையையும் அன்று எடுக்காதீர்கள், அதில்தான் எல்லாச் சமரசமும் கெடுகிறது. "அண்ணா, பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்பது போதும். அவர் முகங்கொடுக்காவிட்டால், பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்குக்கு முன் இன்னொரு முறை போங்கள்.