காலையில் ஸ்டார்ட் செய்ததும் கார் இன்ஜின் ஓவராக ரேஸ் ஆகிறது. த்ராட்டில் பாடியை மாற்ற வேண்டுமா?

கேட்டவர் சொல்வது இதுதான்: பெட்ரோல் கார். காலையில் ஸ்டார்ட் செய்தால், ஆக்சிலேட்டரில் கால் வைக்காமலேயே இன்ஜின் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் 2000-ஐத் தாண்டி நிற்கிறது. இன்ஜினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக்.

அவசரப்பட்டு மாற்றாதீர்கள். இதே தொல்லையோடு நான் இரண்டு மாதம் அலைந்தேன். கடைசியில் போனது ஒரு ரப்பர் ஹோஸ்.

முதலில் இது கோளாறுதானா என்று பாருங்கள். இரவெல்லாம் நின்ற இன்ஜின் காலையில் 1200, 1500 வரை ஏறுவது இயல்பு. குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. புகைக் குழாயில் இருந்து நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் 250, 300 டிகிரிக்குச் சூடானால்தான் ஒழுங்காக வேலை செய்யும். அதற்காக இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூ வேண்டுமென்றேதான் வேகத்தைக் கூட்டி வைக்கிறது. ஒன்றிரண்டு நிமிடத்தில் 700-850-க்கு இறங்கிவிட்டால் கவலை வேண்டாம். கொடைக்கானல் குளிரில் இன்னும் கொஞ்சம் நேரம் எடுக்கும். 2000-ஐத் தாண்டினாலோ, சூடான பிறகும் 1000-க்குக் கீழே வராவிட்டாலோ எங்கோ கோளாறு இருக்கிறது.

என்னுடையது 2011 மாடல் சின்ன கார். காலையில் 2200-இல் கத்தும்; சூடானதும் 1100-இல் நிற்கும். செக் இன்ஜின் லைட் எரியவில்லை. த்ராட்டில் பாடியைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள், மாற்றமில்லை. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தின் சூட்டை அளக்கும் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரை மாற்றினார்கள், அதுவும் பலிக்கவில்லை. அடுத்து த்ராட்டில் பாடியையே மாற்றச் சொன்னபோதுதான், நாமே ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

ஒரு ஞாயிறு காலை, ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பானட்டைத் திறந்து வைத்தேன். ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் மகளை ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். இன்ஜின் சத்தத்துக்கு அடியில் மெல்லிய "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு இரைச்சல். காதை வைத்துத் தேடிக்கொண்டே போனால், வால்வு கவரிலிருந்து, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும் பிசிவி ஹோஸ். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் ரப்பர் குழாய் அது. மேலே பார்த்தால் பளிச்சென்று இருக்கிறது. வளைவின் அடிப்பக்கத்தை விரலால் தடவினால் நகம் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. கட்டைவிரலால் அதை அழுத்தி மூடினேன். சத்தம் நின்றது. உள்ளே இருந்து மகள், "அப்பா, முள்ளு இறங்கிடுச்சு!" என்று கத்தினாள். விரலை எடுத்தேன், மறுபடி ஏறியது. 220 ரூபாய் ஹோஸ், இரண்டு கிளிப். அன்றோடு முடிந்தது.

லைட் ஏன் எரியவில்லை என்பது வெகுநாள் உறுத்தியது. நம் ஊர் சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றில் மேப் சென்சார்தான் இருக்கிறது. அது மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தைப் பார்த்துக் காற்றின் அளவைக் கணக்கிடுகிறது. வெடிப்பு வழியாக நுழையும் காற்றும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவதால், இசியூ அதற்கும் பெட்ரோல் கொடுத்துவிடுகிறது. கலவை சரியாக இருக்கும், வேகம் மட்டும் ஏறும். காற்றை நுழையும் இடத்திலேயே அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டி என்றால் அந்தத் திருட்டுக் காற்று கணக்கில் வராது. பெட்ரோல் போதாமல் பி0171 என்ற கோளாறு கோட் காட்டும். ஐடில் வேகம், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம், அதிகம் என்பதற்கு பி0507.

காலையில் மட்டும் அதிகமாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு. குளிர்ந்த இன்ஜினுக்காக ஐடில் வால்வு ஏற்கெனவே திறந்திருக்கும். அதோடு வெடிப்பின் காற்றும் சேர்கிறது. சூடானதும் வால்வு மூடி ஓரளவு சமாளித்துவிடும்.

உங்கள் வண்டியில் கூலன்ட் சென்சாரையும் சோதித்துவிடுங்கள். இசியூ படிக்கும் அளவுகளை போனில் காட்டும் ஓபிடி ப்ளூடூத் அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் சாவியை ஆன் மட்டும் செய்து, கூலன்ட் வெப்பநிலையையும் இன்டேக் காற்றின் வெப்பநிலையையும் போனில் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 28, கூலன்ட் மைனஸ் 40 என்று காட்டினால் சென்சாரோ அதன் வயரோ அறுந்திருக்கிறது. இன்ஜின் பனிக்கட்டியாக இருக்கிறது என்று நம்பித்தான் இசியூ ரேஸ் ஏற்றுகிறது. எலி கடித்த வயராகவும் இருக்கலாம், அதையும் பாருங்கள். கூலன்ட் அளவு குறைந்திருந்தாலும் சென்சார் தப்பாகக் காட்டும். மூடியை இன்ஜின் ஆறிய பிறகே திறக்க வேண்டும்.

பழைய கேபிள் வண்டியில் ஆக்சிலேட்டர் கேபிள் இறுகியிருக்கிறதா, மிதியடி பெடலில் இடிக்கிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை.

த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தவுடனோ பேட்டரியை மாற்றியவுடனோ இது ஆரம்பித்திருந்தால் விஷயம் வேறு. அழுக்கோடு பழகிய கணக்கை இசியூ திருத்திக்கொள்ள வேண்டும். ஐடில் வேகத்தை இசியூவுக்கு மறுபடி பழக்கும் ஐடில் ரீலேர்ன் செய்தால் சரியாகிவிடும். எலக்ட்ரானிக் த்ராட்டிலின் தகட்டை மட்டும் விரலால் தள்ளாதீர்கள், உள்ளே இருக்கும் கியர் கெட்டுவிடும். ஏர் லீக் தேட சிலர் கார்ப் கிளீனர் என்ற எளிதில் தீப்பிடிக்கும் ஸ்ப்ரேயை அடிப்பார்கள். புகை வெளியேறும் பக்கத்துச் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் பட்டால் தீப்பிடிக்கலாம், வீட்டில் வேண்டவே வேண்டாம்.

இதெல்லாம் உங்களால் முடியாது என்றால் மெக்கானிக்கிடமே போங்கள். ஆனால் காலையில் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் சூடாகி, முள் இறங்கிவிடும்; அவர் கண்ணுக்குக் கோளாறே தெரியாது. எனக்கு இரண்டு மாதமும் இப்படித்தான் போனது. முதல் நாள் மாலையே வண்டியை அங்கே விட்டுவிட்டு வாருங்கள். மறுநாள் காலை அவர் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது, பானட் திறந்திருக்க, பக்கத்தில் நில்லுங்கள்.