கேள்வி பதில்: இருண்ட எதிர்காலக் கதைகளில் விலங்குகள்

ஜார்ஜ்டவுன் வாசகர் சந்திப்புக்கு வந்த கேள்விகளில் நான்குக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

டீச்சர், ‘விலங்குப் பண்ணை’யில் பன்றி என்றால் ஸ்டாலின், குதிரை என்றால் தொழிலாளி. விலங்குகள் வெறும் குறியீடுதானே? (பட்டர்வொர்த் தம்பி)

பாதி சரி, தம்பி. சோவியத் கதையை எழுதும் எண்ணம் நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர்வெலுக்கு முன்பே இருந்தது, வடிவம்தான் பிடிபடவில்லை. 1947இல் இந்நாவலின் உக்ரேனியப் பதிப்பின் முன்னுரையில் அதைச் சொல்கிறார். ஒடுக்கமான பாதையில் பத்து வயது மதிக்கத்தக்க ஒரு பையன் பெரிய வண்டிக்குதிரையை ஓட்டிப் போகிறான். அது திரும்ப முயலும்போதெல்லாம் அடி விழுகிறது. இவற்றுக்குத் தங்கள் பலம் தெரிந்துவிட்டால் நம் அதிகாரம் என்னாகும் என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியது. ஆக, கதைக்கு வழி காட்டியதே அடி வாங்கிய ஒரு நிஜக் குதிரை.

நாவலில், உழைத்து ஓடாய்த் தேய்ந்த பாக்ஸர் என்ற குதிரையை அறுப்புக்கு விற்று, அந்தக் காசில் பன்றிகள் விஸ்கி வாங்கும். தோட்டத்தில் மாடு வளர்த்த என் பாட்டிக்கு இந்த இடத்தை வாசித்துக் காட்டினேன். அவருக்கு ஸ்டாலின் யாரென்று தெரியாது. குதிரைக்காகவே அழுதார். அதுதான் சரியான வாசிப்பு என்று இன்றும் நம்புகிறேன்.

‘1984’இல் ஏன் எலி?

ஆர்வெலின் இந்த இன்னொரு நாவலில், நாயகன் வின்ஸ்டனுக்கு எலியென்றால் தாங்கமுடியாத பயம். அரசின் சித்திரவதைக் கூடமான 101ஆம் அறையில் அவரவர் பயமே அவரவர் தண்டனை. எலிக்கு இருப்பது பசி மட்டும். கொடுமை, கூண்டை முகத்தருகே கொண்டுவருகிறவனுடையது.

விலங்குகளே இல்லாத உலகைக் காட்டும் கதை உண்டா, அக்கா?

பிலிப் கே. டிக் 1968இல் எழுதிய, மின்சார ஆட்டைத் தலைப்பிலேயே வைத்த ‘Do Androids Dream of Electric Sheep?’ நாவலைப் படியுங்கள். போருக்குப் பிறகு முதலில் ஆந்தைகள் சாகின்றன. உயிருள்ள விலங்கு வைத்திருப்பது பெரிய கௌரவம். நாயகன் மொட்டைமாடியில் மின்சார ஆடு வளர்க்கிறான், பக்கத்து வீட்டாருக்குத் தெரியாமல்! அதிலிருந்து வந்த ‘பிளேட் ரன்னர்’ படம் 2019 நவம்பரில் நடப்பதாகக் காட்டும். அதே 2019 நவம்பரில்தான் சபா மாநிலத்தில் இமான் இறந்தது, நம் மலேசியாவின் கடைசி சுமத்ரா காண்டாமிருகம். இந்த இரண்டையும் சேர்த்து நினைத்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

பினாங்கை வைத்து இப்படி ஒரு கதை எழுத ஆசை. எங்கே தொடங்குவது?

தெலுக் பஹாங் போய்ப் பாருங்கள். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள இலைக்குரங்குகள் சாலையைக் கடக்க, 2019இல் பழைய தீயணைப்புக் குழாய்களால் மேலே ஒரு பாலம் கட்டினார்கள். அதில் போகும் ஒரு குரங்குக்கு எப்போது பசிக்கிறது, எதைக் கண்டு மிரள்கிறது என்று முதலில் எழுதுங்கள். அரசாங்கம், கண்காணிப்பு எல்லாம் அப்புறம் வரட்டும். முதல் பக்கம் முடிந்ததும் அனுப்புங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.