வீ யூ தோற்றதற்கு அதன் பெயரும் விளம்பரமும்தான் காரணமா?

பெருமளவுக்கு ஆம் என்றே சொல்வேன். 2006-இல் வெளிவந்த நின்டெண்டோ நிறுவனத்தின் வீ என்ற வீடியோ கேம் கருவி 10 கோடிக்கு மேல் விற்றது. 2012 நவம்பரில் அதன் வாரிசாக வந்த வீ யூவோ ஏறத்தாழ 1.36 கோடியோடு நின்றுவிட்டது.

வீயை வாங்கியவர்களில் பலர் வீடியோ கேம் செய்திகளைத் தேடிப் படிக்காத குடும்பத்தினர். உடற்பயிற்சிப் பலகை, ஸ்டியரிங், துப்பாக்கி வடிவப் பிடி எனப் பல துணைக்கருவிகள் ஏற்கெனவே வீ என்ற பெயரைத் தாங்கியே கடைகளில் கிடந்ததால், கூடுதலாக ஒட்டிய ‘யூ’வையும் அவர்கள் அந்த வரிசையிலேயே சேர்த்துவிட்டனர். 2011 ஜூனில் இ3 என்ற வீடியோ கேம் கண்காட்சியில் நடந்த அறிமுகம் இக்குழப்பத்தை வளர்த்தது. வீ யூவைக் கையில் பிடித்து ஆடுவதற்கான, தொடுதிரை பொருத்திய கேம்பேடே மேடையை நிறைத்தது. அதை இயக்கும் புதிய பெட்டி ஏறக்குறைய கண்ணிலேயே படவில்லை. பழைய வீ ரிமோட்டுகள் இதிலும் இயங்கும் என்ற நல்ல வசதிகூட, இது பழைய கருவிதான் என்ற எண்ணத்துக்கே வலுச் சேர்த்தது. கேம்பேடை வீயோடு இணைக்கும் உதிரிப்பொருள் என்று சிலர் நினைப்பதாக நிறுவனத் தலைவர் சடோரு இவாடாவே முதலீட்டாளர்களிடம் ஒப்புக்கொண்டார்.

பழியெல்லாம் பெயருக்கே என்பதும் நியாயமன்று. புதிய விளையாட்டுகள் மெதுவாகவே வந்தன; விற்பனை சரிந்ததும் விளையாட்டுகளை உருவாக்கும் வெளி நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன.