மகளின் தாண்டலைப் படம் பிடிக்க எந்தக் கேமரா?

ஐயா, வணக்கம். என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். நீளம் தாண்டுதலில் மாவட்டப் போட்டி வரை போயிருக்கிறாள். பலகையில் கால் வைக்கும்போது முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிடுகிறாள் என்றும், வீடியோ எடுத்துக் காட்டினால்தான் அவளுக்குப் புரியும் என்றும் பயிற்சியாளர் சொல்கிறார். கடையில் அறுபதாயிரம் ரூபாய்க்கு ஒரு மிரர்லெஸ் கேமராவைக் காட்டினார்கள். தவணையில் வாங்கலாமா?
எஸ்., நாமக்கல்

அன்புள்ள எஸ்.,

வாங்காதீர்கள். அந்த விலையில் பெரும்பங்கு, பின்னணி மங்கி முகம் மட்டும் பளிச்சென்று தெரியும் படங்களுக்கானது. பயிற்சியாளர் பார்க்க விரும்புவது முகத்தை அல்ல, முழங்காலை.

கணக்கைப் பாருங்கள். உங்கள் மகள் விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் ஓடி வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பலகையில் அவள் கால் பதிந்திருப்பது விநாடியில் எட்டில் ஒரு பங்குதான். சாதாரண வீடியோவில் விநாடிக்கு 30 ஃபிரேம்; அந்தக் கால்பதிவுக்குக் கிடைப்பது மூன்று, நான்கு படங்கள். முழங்கால் மடங்கும் கணம் அவற்றுக்கு நடுவே நழுவிவிடும். 240 ஃபிரேமில் முப்பது படங்கள் கிடைக்கும். குதிகால் படுவது, முழங்கால் தளர்வது, இடுப்பு இறங்குவது என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கலாம்.

இந்த 240 இன்று பல கைப்பேசிகளிலேயே உண்டு. ஐபோனில் முழு எச்.டி. தரத்தில் 2017 முதல் இருக்கிறது. உங்களுடையதில் 120தான் என்றாலும் தாராளமாகப் போதும். 960 என்ற விளம்பரத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். சில கைப்பேசிகள் இடைப்பட்ட படங்களைத் தாமே கற்பனை செய்து நிரப்பிவிடும். ஓடும் கால்களின் ஓரம் மெழுகுபோல் உருகித் தெரிந்தால் அது இட்டுக்கட்டிய படம். (2008இல் கேசியோவின் எஃப்1 கேமரா 1200 ஃபிரேம் எடுத்தது. படத்தின் அளவோ 336க்கு 96 புள்ளிகள், கதவிடுக்கு வழியே பார்ப்பதுபோல! பழைய கேசியோவை யாராவது மலிவாகத் தள்ளிவிடப் பார்த்தால் நினைவிருக்கட்டும்.)

ஃபிரேமைவிட முக்கியம் ஷட்டர் வேகம், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் கேமரா எவ்வளவு நேரம் ஒளியை உள்ளே விடுகிறது என்பது. ஐம்பதில் ஒரு விநாடி திறந்திருந்தால் 7 மீட்டர் வேகத்தில் உடல் 14 சென்டிமீட்டர் இழுபட்டுப் பதியும். ஆயிரத்தில் ஒன்றென்றால் 7 மில்லிமீட்டர்தான். வேகமான ஷட்டருக்கு வெளிச்சம் வேண்டும். அதனால் காலை வெயிலில் எடுங்கள். அந்தி மங்கிய பிறகு எடுப்பது வீண். உள்ளரங்கில் எடுத்தால் விளக்குகள் மின்சாரத்தோடு சேர்ந்து விநாடிக்கு நூறு முறை துடிப்பதும் ஸ்லோ மோஷனில் தெரியும்.

செலவு செய்வதென்றால் ஆடாத ஒரு டிரைபாடுக்குச் செய்யுங்கள். பலகைக்கு நேர் பக்கவாட்டில், பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி, அவள் இடுப்பு உயரத்தில் கைப்பேசியைக் கிடைமட்டமாகப் பொருத்துங்கள். கடைசி இரண்டு எட்டுகளும் பலகையும் சட்டத்துக்குள் வரவேண்டும். அவளைத் தொடர்ந்து கைப்பேசியைத் திருப்பவேண்டாம். சாய்கோணத்தில் எடுத்தால் முழங்காலின் மடிப்பு உள்ளதைவிடக் கூடியோ குறைந்தோ தெரியும். அதை நம்பித் திருத்தினால் இருப்பதும் கெடும்.

வீட்டில் விண்டோஸ் கணினி இருந்தால் கினோவியா என்ற இலவச மென்பொருளில் இரண்டு தாண்டல்களை அருகருகே ஓட்டிக் கோணம் அளக்கலாம். ஆனால் அளவெடுக்கும் வேலையைப் பயிற்சியாளரிடம் விட்டுவிடுங்கள். அப்பாவும் சேர்ந்து திருத்த ஆரம்பித்தால் பிள்ளை யார் சொல்வதைக் கேட்பாள்?

மைதானத்தில் மற்ற பிள்ளைகளும் படத்தில் விழுவார்கள். அவர்கள் பெற்றோரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வீடியோவை வாட்ஸ்அப் குழுக்களில் போடவேண்டாம்.