ஸ்டீம் வால்வு ஒழுகினால் முதலில் பேக்கிங்கைத் திட்டாதீர்கள்

ஜொகூரில் லாபிஸ் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருக்கும் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். "அண்ணே, ஸ்டெரிலைசருக்குப் (பழக்குலையை ஆவியில் வேகவைக்கும் கலன்) போகும் ஸ்டீம் லைனில் ஒரு கேட் வால்வு. எத்தனை தடவை பேக்கிங் (வால்வுத் தண்டைச் சுற்றி ஆவியை அடைக்கும் பின்னல் கயிறு) மாற்றினாலும் பத்தே நாளில் கிளாண்டில் (பேக்கிங்கை மேலிருந்து அழுத்தும் மூடி) மறுபடி ஆவி வருகிறது. முறுக்க முறுக்க ஹேண்டில் சுற்றவே வரமாட்டேன் என்கிறது, ஆனால் லீக் நிற்கவில்லை. கடைக்காரர் விலை கூடின கிராஃபைட் பேக்கிங் போடச் சொல்கிறார். போடவா?"

இப்போதைக்குப் போடாதீர்கள் தம்பி. ஸ்டெரிலைசரில் ஓடுவது 3 பார் ஆவி, சூடு ஏறக்குறைய 143 டிகிரி. டெஃப்லான் பேக்கிங்கே 260 டிகிரி வரை தாங்கும், கிராஃபைட்டுக்கு இதெல்லாம் ஒரு சூடே இல்லை. நீங்கள் இப்போது போடுகிற பேக்கிங் வெந்துபோய் ஒழுகவில்லை, வேறெதுவோ அதைத் தின்றுகொண்டிருக்கிறது. அது என்ன என்று பார்க்காமல் நல்ல பேக்கிங் போட்டால் அதையும் தின்னும், காசுதான் வீண்.

எனக்கு முதல் சந்தேகம் ஸ்டெம் மேல்தான், அதாவது ஹேண்டிலையும் உள்ளே இருக்கும் கேட்டையும் இணைக்கும் தண்டு. ஒரு தடவை லீக்கான வால்வைக் கவனிக்காமல் ஓட்டினாலே போதும், ஈரமான ஆவி ஸ்டெம்மில் கோடு கோடாக அறுத்துவிடும், அப்புறம் ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் அந்தக் கோடு புதுப் பேக்கிங்கை அரம் மாதிரி ராவிக்கொண்டே போகும். அதுவும் ஸ்டெரிலைசர் வால்வு சும்மா கிடக்கும் வால்வு இல்லை. ஒரு வேகல் முடிவதற்குள் மூன்று தடவை பிரஷரை ஏற்றி இறக்குகிறீர்கள், ஒரு ஷிப்டுக்கு எத்தனை தடவை ஸ்டெம் மேலும் கீழும் போய்வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஸ்டெம்மைக் கழற்றி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, பேக்கிங் உட்காரும் இடத்தில் விரல் நகத்தை மேலிருந்து கீழே, அப்புறம் சுற்றிலும் ஓட்டுங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் சரி. எங்காவது தட்டினால் உங்கள் லீக் அங்கேதான். லேசான கீறல் என்றால் மெல்லிய எமரி தாளால் சுற்றுவாட்டில் தேய்த்து எடுக்கலாம். ஆழமான பள்ளம் என்றால் புது ஸ்டெம்தான். லேத்தில் கொடுத்துச் சீவினால் ஸ்டெம் இளைத்து, சுற்றி இடைவெளி கூடிவிடும், பேக்கிங் அந்தச் சந்தில் பிதுங்கும்.

இன்னொன்று, ஆபரேட்டர் அந்த வால்வைப் பாதி திறந்து வைத்து ஆவியைக் கட்டுப்படுத்துகிறாரா என்று பாருங்கள். கேட் வால்வு முழுக்கத் திறக்க, முழுக்க மூட. பாதியில் நின்றால் உள்ளே கேட் கடகடவென்று ஆடும், அந்த ஆட்டம் ஸ்டெம் வழியாக நேரே பேக்கிங்குக்கு வரும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த ஒரு மில்லில் இதே மாதிரி ஒரு வால்வோடு மூன்று மாதம் மல்லுக்கட்டினேன். கடைசியில் டார்ச் அடித்துப் பார்த்தால், பேக்கிங் உட்காரும் பாக்ஸ் அடியில் ரெண்டு பழைய வளையம் கரிக்கட்டி மாதிரி இறுகிக் கிடக்கிறது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் அதன் மேலேயே போட்டிருக்கிறார்கள், நானும் அதையே செய்திருக்கிறேன். கொக்கி போட்டு நோண்டி எடுக்க ரெண்டு மணி நேரம் ஆனது, அதற்கப்புறம் அந்த வால்வு பேசவே இல்லை. அதனால் அடி உலோகம் தெரியும்வரை எடுங்கள், ஸ்டெம்மில் கொக்கி படாமல். ரொம்பப் பழைய வால்வு என்றால் உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்; காற்றடித்து ஊதாதீர்கள், தண்ணீர் விட்டு நனைத்து எடுங்கள்.

அளவுக்குப் பழைய பேக்கிங்கைப் பார்க்காதீர்கள், அது நசுங்கியிருக்கும். பாக்ஸின் உள் விட்டத்தில் ஸ்டெம் விட்டத்தைக் கழித்துப் பாதியாக்குங்கள்: 36-இல் 20 போனால் 16, அப்போது 8 மில்லி பேக்கிங். ஸ்டோரில் 10 மில்லிதான் இருக்கிறது என்று சுத்தியலால் தட்டி நுழைக்கிற வேலை வேண்டாம், பின்னல் உடைந்துவிடும். ஸ்டெம் பருமனுள்ள கம்பியில் சுற்றி, 45 டிகிரி சாய்வாக வெட்டி, தனித்தனி வளையமாகப் போடுங்கள். கயிறு சுற்றுவது போல ஒரே நீளமாகச் சுற்றினால் ஆவிக்கு நீங்களே சுழல் படிக்கட்டு கட்டிக் கொடுத்த மாதிரி. ஒவ்வொரு வளையத்தின் வாயும் முந்தையதிலிருந்து கால் சுற்றுத் தள்ளி இருக்கட்டும். ஒவ்வொன்றையும் போட்ட உடனே ரெண்டாகப் பிளந்த புஷ் (குழாய்த் துண்டு) வைத்து அழுத்தி உட்கார வையுங்கள், எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கடைசியில் அழுத்தினால் அடி வளையம் அழுந்தாது. மேலிருந்து கொடுக்கும் அழுத்தம் மேல் வளையங்களிலேயே பெரும்பகுதி செலவாகிவிடுகிறது. ஐந்து வளையம் போதும் என்பது அதனால்தான், எட்டுப் போட்டால் ஹேண்டில் இறுகுமே தவிர லீக் குறையாது.

கிளாண்ட் நட்டை ஒரு பக்கம் கொஞ்சம், மறுபக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முறுக்குங்கள், ரெண்டு பக்க இடைவெளியையும் காலிப்பரில் அளந்துகொண்டே. கிளாண்ட் சாய்ந்தால் அதுவே ஸ்டெம்மை உரசும். போல்ட் துருப்பிடித்திருந்தால் உங்கள் பலமெல்லாம் துருவுக்குத்தான் போகிறது, பேக்கிங்குக்குப் போகவில்லை. முதலில் போல்டை மாற்றுங்கள். முறுக்கிய பிறகு ஐந்து தடவை திறந்து மூடிவிட்டு மறுபடி முறுக்குங்கள், பேக்கிங் கட்டாயம் தளர்ந்திருக்கும். இவ்வளவு ஆட்டம் உள்ள வால்வுக்கு நட்டுக்கடியில் கிண்ண ஸ்பிரிங் வாஷர் போட்டால் பேக்கிங் தேயத் தேய அதுவே அழுத்தம் கொடுத்துக்கொண்டிருக்கும். கடைக்காரரிடம் காசு கொடுப்பதென்றால் இதற்குக் கொடுங்கள்.

பம்ப் கிளாண்டில் சொட்டு விழ வேண்டும், அது ஷாஃப்ட்டைக் குளிர வைக்க. வால்வில் சொட்டே கூடாது. ரெண்டையும் குழப்புகிறவர்கள் நிறையப் பேர்.

மில் நிற்கும் ஞாயிற்றுக்கிழமையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள். ரெண்டு பக்கமும் மூடி, பூட்டுப் போட்டு, டேக் மாட்டி, பிரஷர் முழுக்க இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே கிளாண்டில் ஸ்பேனர் படவேண்டும். "வால்வை முழுக்கத் திறந்தால் பேக்ஸீட் பிடித்துக்கொள்ளும், ஆவி ஓடும்போதே மாற்றலாம்" என்று யாராவது பெரியவர் சொல்வார். முழுக்கத் திறந்ததும் ஸ்டெம் மேலே வந்து உட்கார்ந்து ஆவியை அடைக்கும் இடம்தான் பேக்ஸீட்; அது எந்த நிலையில் இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. லீக் எங்கே என்று கையை நீட்டித் தேடவும் கூடாது. ஓட்டைக்குப் பக்கத்தில் ஆவி கண்ணுக்குத் தெரியாது, நாம் பார்க்கிற வெள்ளைப் புகை அது குளிர்ந்த பிறகு வருவது. நீளமான குச்சியில் துணி கட்டிப் பாருங்கள்.

ஸ்டெம்மைக் கழற்றியதும் நகம் எங்கே தட்டியது என்று எழுதுங்கள், பேக்கிங் விலையை அப்புறம் பேசலாம்.