கோல்ஃப் ஸ்விங்கில் எந்தக் கைக்கு என்ன வேலை?

இடது கைதான் அடிக்கும், வலது கை சும்மா கூடவே வரவேண்டும் என்பது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி உண்மை. வலது கைப் பழக்கக்காரர்களை வைத்துச் சொல்கிறேன், இடது கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

ஆடத் தொடங்கிய புதிதில் 'இடது கையை மடக்காதே' என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டு தொங்கினேன். கையைக் கம்பி மாதிரி விறைத்ததில் தோளே திரும்பவில்லை. பந்தின் உச்சந்தலையில் ஒரு தட்டு, அது பத்தடி உருண்டு நின்றுவிடும்.

இடது கை கவராயத்தின் கால் மாதிரி. தோளுக்கும் பந்துக்கும் உள்ள தூரம் மாறாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. நீண்டிருந்தால் போதும், விறைக்க வேண்டாம். அமெரிக்க கோல்ஃப் வீரர் கால்வின் பீட் சிறுவயதில் மரத்திலிருந்து விழுந்து இடது முழங்கையை உடைத்துக்கொண்டவர், அந்தக் கையை அவரால் முழுதாக நீட்டவே முடிந்ததில்லை. ஆனாலும் 1981 முதல் 1990 வரை பிஜிஏ டூர் என்ற அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித்தொடரில், டிரைவை, அதாவது முதல் நீண்ட அடியை, ஃபேர்வே என்ற வெட்டிய புல்வெளிப் பாதையில் போடுவதில் வருடா வருடம் அவர்தான் முதல். என்னைக் கேட்டால், கை மடங்கியிருப்பது தப்பில்லை, அடிக்கும்போது அந்த மடிப்பு கூடிக் குறைவதுதான் தப்பு. இடது கைக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு: புறங்கை பார்க்கும் பக்கம்தான் கிளப்ஃபேஸும், அதாவது மட்டையில் பந்தை அடிக்கும் முகமும், ஏறக்குறையப் பார்க்கும்.

எனக்கு விஷயம் பிடிபட்டது வலது கையில்தான். கிளப்பைப் பின்னால் தூக்கும் பேக்ஸ்விங்கில் அது மடங்கி, உச்சியில் தட்டு ஏந்தும் சர்வர் கை போல கிளப்பைத் தாங்குகிறது. இறங்கும்போது முழங்கை விலாவை ஒட்டி வலது இடுப்புக்கு முன்னால் வர வேண்டும். நானோ உச்சியிலிருந்தே ஓங்கி அடிப்பேன். முழங்கை உடம்பைவிட்டு விலகும், கிளப் வெளியிலிருந்து உள்ளே வெட்டும். பந்து வலப்பக்கம் வளைந்தோடும் ஸ்லைஸ் வராமல் என்ன செய்யும்?

பயிற்சியாளர் கிளப்பை வாங்கி வைத்துவிட்டு, தட்டைக் கல்லைத் தண்ணீர்மேல் தத்தவிடுவதுபோல் எறியச் சொன்னார். எறிந்தேன். முழங்கை முன்னே போனது, மணிக்கட்டு பின்னால் வளைந்தபடியே தொடர்ந்தது. அட, இவ்வளவுதானா என்று இருந்தது.

பந்தைத் தொடும் நொடியிலும் வலது கை கொஞ்சம் மடங்கித்தான் இருக்கும். முழுதாக நீள்வது பந்து கிளம்பிய பிறகே. அங்கே ஒரு கணம் இரண்டு கையும் நேராக இருக்கும், அப்புறம் இடது கை மடங்க ஆரம்பிக்கும். ஸ்லோமோஷனில் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

குறைந்த தூரத்துக்கு அடிக்கும் வெட்ஜ் என்ற கிளப்பை எடுத்து, ஒவ்வொரு கையாலும் தனித்தனியாக, இடுப்பளவு மட்டும் வீசிப் பாருங்கள். இடது கை முறை வரும்போது கிளப்பைக் கொஞ்சம் கீழிறக்கிப் பிடியுங்கள். முதல் பத்துப் பந்து அசிங்கமாகத்தான் போகும்.