திறந்தவெளியில் பெரிய அளவில் காளான் வளர்க்க, வைக்கோலிலேயே வித்து தயாரிக்க முடியுமா?

முடியும். நான் சில பருவங்களாக அப்படித்தான் செய்துவருகிறேன். வித்து என்பது வெள்ளைக் காளான் இழை ஓடிய தானியமோ வைக்கோலோ; காளான் வளரும் ஈர வைக்கோல் படுக்கையில் அதை விதை போலப் போடுகிறோம். தானிய வித்தை மொத்தமாக வாங்கிப் போட்டுக் கட்டுப்படியாகவில்லை என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். திறந்தவெளிப் படுக்கைக்கு வைக்கோல் வித்துதான் என் முதல் தேர்வு, செலவு குறைகிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை.

தானிய வித்தை மண்ணோடு ஒட்டிய படுக்கையில் நேரடியாகப் போட்டால் எலியும் பறவையும் எறும்பும் அதைத் தேடி வரும். வேக வைத்த தானியம் அவற்றுக்கு விருந்து. பச்சைப் பூசணத்துக்கும் பாக்டீரியாவுக்கும் அப்படியே. வைக்கோலில் அவ்வளவு சத்து கிடையாது, அதனால் அதற்குப் போட்டியும் குறைவு. இன்னொன்று, வைக்கோலில் ஒருமுறை ஓடிய காளான் இழை அதைச் செரிக்கும் நொதிகளை ஏற்கெனவே சுரக்கத் தொடங்கியிருக்கும். படுக்கையிலும் அதே வைக்கோல் என்பதால் புதிதாகப் பழக வேண்டியதில்லை, மளமளவென்று ஓடும்.

கணக்கு எளிது. 1 கிலோ தானிய வித்தை 10 கிலோ ஈர வைக்கோலில் கலந்தால் ஏறக்குறைய 10 கிலோ வைக்கோல் வித்து. அது 100 கிலோ ஈரப் படுக்கைக்குப் போதும். அதாவது 1 டன் படுக்கைக்கு 10 கிலோ தானிய வித்து. 5 சதவீதம் என்று தானியத்தையே நேரடியாகப் போட்டிருந்தால் 50 கிலோ தேவைப்பட்டிருக்கும்.

இதைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஒரு ஆசை வரும், எனக்கும் வந்தது: 10 கிலோவை 100 ஆக்கி, அந்த 100-ஐ 1000 ஆக்கினால் என்ன? செய்து பார்த்தேன். இரண்டாம் சுற்று நன்றாகவே தெரிந்தது. மூன்றாம் சுற்றில் வந்ததைப் படுக்கையில் போட்ட பத்தாம் நாள், வெள்ளை ஓட வேண்டிய இடமெல்லாம் பச்சை. படுக்கை முழுவதையும் அள்ளி மக்கப் போட்டேன். வைக்கோலை நாம் சூடு காட்டுகிறோமே தவிர முழுக்கக் கிருமி நீக்குவதில்லை. தப்பிப் பிழைத்தவை ஒவ்வொரு சுற்றிலும் காளானோடு சேர்ந்து பெருகுகின்றன, கண்ணுக்கு மட்டும் தெரிவதில்லை. அதனால் தானியத்திலிருந்து வைக்கோலுக்கு ஒரே ஒரு சுற்று, அப்புறம் நேராகப் படுக்கை. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

இனி தயாரிப்பு. வைக்கோல் பொன்னிறமாக, மழையில் நனையாததாக இருக்க வேண்டும். உதறினால் கரும்பொடி பறந்தால் அதை மூடாக்குக்கு ஒதுக்கிவிடுங்கள். காய்ந்த புல்லை வைக்கோலுக்குப் பதிலாக எடுக்காதீர்கள், அதில் சத்தும் விதையும் அதிகம், பூசணம் சீக்கிரம் பிடிக்கும். படுக்கைக்கு நீளமாக இருந்தாலும் பரவாயில்லை, வித்துக்கு 3 முதல் 5 செ.மீ. நீளத்தில் வெட்டுங்கள். இழை நுழைய வெட்டுவாய்கள் கிடைக்கும், பையிலும் நெருக்கமாக அமரும்.

வித்துக்கான வைக்கோலை 70 முதல் 75 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம் அமிழ்த்தி வைக்கிறேன். கொதிக்க வைக்க வேண்டாம். அந்த அளவுச் சூட்டைத் தாங்கும் சில நல்ல பாக்டீரியாக்கள் உயிரோடு இருந்தால் பூசணத்தை அடக்கிவைக்கும். கொதித்த வைக்கோலில் முதலில் வந்து விழும் எதுவும் குடியேறிவிடும். தெர்மாமீட்டரை மேலோட்டமாகப் பிடிக்காமல் குவியலின் நடுவில் செருகிப் பாருங்கள், வெந்நீரிலேயே நடுப்பகுதி சூடாக நேரம் பிடிக்கும்.

படுக்கைக்கான பெரிய அளவுக்கு வெந்நீர் கட்டுப்படியாகாது. அதற்குச் சுண்ணாம்புக் கரைசல்: 100 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு, 12 முதல் 18 மணி நேரம் ஊறல். கார அமில எண் (pH) 12-ஐ ஒட்டி நிற்கும், பெரும்பாலான பூசணங்கள் அதைத் தாங்காது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் கை வைக்காதீர்கள், வடித்த தண்ணீரைக் குளத்திலோ ஓடையிலோ விடாதீர்கள்.

அப்புறம் ஈரம். வடியவிட்டு ஒரு பிடி அள்ளி முறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் இரண்டு மூன்று சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் இன்னும் வடியட்டும். எந்த அளவைக் கருவியையும்விட நான் நம்புவது இந்தப் பிடியைத்தான். வைக்கோல் 30 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகே தானிய வித்தைக் கலக்க வேண்டும். அடுக்கடுக்காகத் தூவாமல், கழுவிய மேடையில் பரப்பிக் கையால் நன்றாகப் புரட்டிக் கலந்துவிடுங்கள். எத்தனை இடத்தில் தானியம் இருக்கிறதோ அத்தனை இடத்தில் இழை கிளம்பும்.

பையின் பருமன் சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் நான் அதிகம் இழந்தது இங்கேதான். வேலை குறையுமே என்று பெரிய சாக்குகளில் இறுக்கி அடைத்தேன். வெளியே பார்க்க வெள்ளை வெளேரென்று அழகாக இருந்தது. பிரித்து நடுவில் கை விட்டபோது குளிப்பதற்குக் காய்ச்சிய தண்ணீர் போலச் சூடு. ஒரு சாண் ஆழம் வரை வெள்ளை, அதற்கு உள்ளே பழுப்பாக, கொழகொழவென்று, புளித்த வாடை. காளான் இழை வளரும்போது தானே சூட்டை வெளிவிடும், நடுவிலிருந்து அந்தச் சூடு வெளியேற வழியில்லாவிட்டால் வெந்து செத்துப்போகும். இப்போது 30 செ.மீ. குறுக்களவுக்கு மேல் பை கட்டுவதில்லை, பைக்கு 5, 6 கிலோ மட்டும். பக்கவாட்டில் சிறு துளைகள், பைகளுக்கு இடையில் ஒரு கை நுழையும் இடைவெளி, அறை இருட்டாக 25 டிகிரியை ஒட்டி.

சிப்பிக் காளான் என்றால் இரண்டிலிருந்து மூன்று வாரத்தில் தயாராகிவிடும். நன்றாக ஓடிய பையைப் பிரித்து ஒரே ஒரு வைக்கோல் தாளைப் பிடித்துத் தூக்கினால், பக்கத்துத் தாள்களும் சேர்ந்து ஒரு கட்டியாக எழும்பி வரும். மூக்கருகே கொண்டுபோனால் புதுக் காளான் மணம் அடிக்கும். புளிப்போ அழுகலோ லேசாக வந்தாலும் அந்தப் பையை வித்துக்கு எடுக்காதீர்கள். மொட்டு விடத் தொடங்குமுன் பயன்படுத்திவிட வேண்டும், அதனால் வித்து தயாராகும் நாளைக் குறித்து, படுக்கை வைக்கோலை ஊறவைக்கும் நாளை அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மழையோ வேலையாளோ தாமதமானால் சிப்பிக் காளான் வித்தைச் சில வாரம் குளிர்ப்பெட்டியில் வைக்கலாம். ‘வைக்கோல் காளான்’ என்ற தனி வகையின் வித்தை அப்படி வைத்தால் 4 டிகிரியில் இழை சிதைந்து செத்துவிடும், அதை அறையிலேயே வைத்து உடனே போட்டுவிட வேண்டும்.

போடும்போது உள்ளங்கை அளவுத் துண்டுகளாகப் பிய்த்தால் போதும். பொடியாக உதிர்த்தால் ஒவ்வொரு துண்டிலும் உயிர்ப்பு குறைந்து, காய்ந்தும் போகும். நிழலில் அல்லது சாயங்காலம் போடுங்கள், மேலே 5 செ.மீ. ஈர வைக்கோல் மூடாக்கு கட்டாயம். படுக்கையும் 15 முதல் 20 செ.மீ. கனத்தைத் தாண்ட வேண்டாம், பையில் நடந்த அதே சூடு அங்கேயும் நடக்கும்.

திறந்தவெளி என்பதால் நாம் போடாத காளான்களும் அந்தப் படுக்கையில் முளைக்கும். கறுப்பு மையாக உருகிவிடும் குடைகள் வந்தால் படுக்கையில் தழைச்சத்து மிகுந்திருக்கிறது என்று பொருள். போட்ட வகைதான் என்று உறுதியாகத் தெரியாத எதையும் பறித்துச் சமைக்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள்.

எந்த வகை வளர்க்கப் போகிறீர்கள் என்று கேள்வியில் இல்லை. ஸ்ட்ரோஃபேரியா என்ற காளான் வகை என்றால் படுக்கை வைக்கோலை வெறும் தண்ணீரில் ஊறவைத்தாலே போதும், ஆனால் மேலே மண் போர்வை வேண்டும், இல்லாவிட்டால் சரியாகக் காய்க்காது. வகையையும் படுக்கையின் பரப்பையும் கருத்தில் எழுதுங்கள், எத்தனை பை, எந்த நாளில் தொடங்குவது என்று சேர்ந்து கணக்குப் போடலாம்.